விதியா ஓட்டிற்று வண்டியை?

விபத்து என்கிறார்கள். விதி என்கிறார்கள். ஆண்டவன் அழைத்துக்கொண்டான் என்று கூறிக் கண்ணீரைத் துடைக்கிறார்கள். நாம் கேட்கிறோம்: அந்த அழைப்பு ஏழை நாட்டுச் சாலைகளுக்கே ஏன் இத்தனை முறை வருகிறது? ஆண்டுதோறும் உலகச் சாலைகளில் மாள்வோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் கணக்குரைத்தது. அவர்களில் நூற்றுக்கு 92 பேர் ஏழை நாடுகளிலும் இடைநிலை வருவாய் நாடுகளிலும் மாள்கின்றனர். உலகத்து ஊர்திகளிலோ ஏறத்தாழ 60 விழுக்காடே அங்கு ஓடுகின்றன! தலையெழுத்தை எழுதும் கரம், கருவூலத்தின் கனத்தைப் பார்த்தா எழுதுகிறது?

கென்யாவைக் காண்போம். 'மட்டாட்டு' எனும் சிற்றுந்துதான் அங்கே எளியோரின் தேர். மேனியெல்லாம் வண்ணம், வாசகம், சிலவற்றிலே ஆண்டவன் துதியும் உண்டு. ஏறினாலோ நெரிசல், கிளம்பினாலோ பேய் வேகம். ஏன்? ஓட்டுநன் குருதியிலே ஊறிய வெறியா? இல்லை, தோழர்களே! பொழுது சாய்ந்ததும் வண்டி முதலாளிக்கு இவ்வளவு என்று அளந்து வைத்தாக வேண்டும். எண்ணெய்ச் செலவும் போக எஞ்சியதே ஓட்டுநனுக்கும் நடத்துநனுக்கும் கூலி. ஒரு நடை கூடினால் உலை கொதிக்கும். குறைந்தால் குழந்தை பட்டினி. ஆகவே முந்துகிறான், திணிக்கிறான், பறக்கிறான். முதலாளியோ மெத்தையிலே! இதிலே விதிக்கு எங்கே இருக்கை?

2018 அக்டோபர் 10. விடியுமுன், ஃபோர்ட் டெர்னன் அருகே ஒரு பேருந்து சாலையை விட்டு உருண்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரவிலே ஓட அந்த வண்டிக்கு உரிமமே இல்லை என்று பிறகு காவல்துறை அறிவித்தது. பிறகு!

சட்டம் இல்லாமலில்லை. 2004இல் அமைச்சர் ஜான் மிச்சுக்கியின் விதிகள் வந்தன. மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாதிருக்க வேகத் தடைக் கருவி, இருக்கைதோறும் பாதுகாப்புப் பட்டை! வண்டிகள் பல முடங்கின, மக்கள் நடந்தே வேலைக்குச் சென்றனர். பின்னர் பிடி தளர்ந்தது. பழைய ஆட்டம் திரும்பிற்று.

அதே நாட்டில் ஒரு துண்டுத் தாள் செய்ததைக் கேளுங்கள். ஓட்டுநன் தறிகெட்டு ஓட்டினால் வாய்திறந்து கண்டிக்கும்படி பயணிகளைத் தூண்டும் ஒட்டுத்தாள்களை நெடுந்தொலைவு மட்டாட்டுகளில் ஒட்டிச் சோதித்தனர் ஆய்வாளர் இருவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டனர். தாள் ஒட்டிய வண்டிகளில் காப்பீட்டு இழப்புக் கோரிக்கைகள் பாதிமுதல் மூன்றில் இரு பங்குவரை குறைந்திருந்தன! யாகம் குறைத்ததா? பரிகாரம் குறைத்ததா? பயணிக்கும் நாவுண்டு என்று நினைவூட்டினர்; அவ்வளவே.

தாளோடு விட்டால் முதலாளிமார் மகிழ்வர், அச்சுக்கூலி அற்பம்தானே! நாம் விடமாட்டோம். ஓட்டுநனுக்கு மாதச் சம்பளம் வேண்டும், உறங்கப் பொழுது வேண்டும். உரிமமின்றி இரவிலே வண்டியை ஏவிய முதலாளி, ஓட்டுநன் நிற்கும் அதே கூண்டில் வந்து நிற்கவேண்டும்.