தண்ணீர்க்குண்டும் கொத்துத் தக்காளியும்

ஜேர்மனியில் வாழும் எம்மவர் வாங்கும் தக்காளியில் கணிசமான பகுதி அயல்நாடான ஒல்லாந்தின் கண்ணாடிக் கூடங்களில் விளைவதாகும். 1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியர் அதற்குச் சூட்டிய பெயர் 'தண்ணீர்க்குண்டு'. ஒரே உருண்டை, ஒரே சிவப்பு, சுவைதான் இல்லை. கூடிய விளைச்சல் தரும் இனங்களையே நாடியதன் பலன் அது. விற்பனை சரிந்தது.

விலையைக் குறைப்பதோடு நில்லாது, ஒல்லாந்தர் இனங்களை மாற்றினர். காம்போடு கூடிய கொத்துத் தக்காளியும் சிறிய செரித் தக்காளியும் எல்லை கடந்தன. கொத்தாக விற்பதென்றால் பழங்கள் ஏறத்தாழ ஒருங்கே பழுக்க வேண்டும்; காம்பிலிருந்து உதிரவும் கூடாது. அதற்கெனத் தனி இனங்கள் தேவைப்பட்டன. கடையில் நாம் முகர்ந்து மயங்கும் மணமோ பெரும்பாலும் காம்பினுடையதே! இரசத்திற்கு, உதிரியாக விற்கும் மலிவான பழமே போதும். நன்கு கனிந்ததாகப் பார்த்து எடுங்கள்.