போர்வை போதும் என்பவர்களுக்கு



டிசம்பர் மாதம் வந்தால் இலங்கைத் தமிழர் முகாம்களை நோக்கிச் சபைகளின் வண்டிகள் புறப்படுகின்றன. அரிசி, போர்வை, பிள்ளைகளுக்குப் புத்தாடை, கேக். ஜெபம் முடிந்ததும் புகைப்படம். பிறகு அடுத்த டிசம்பர் வரை மௌனம். கொடுப்பது நல்லது; அதை நிறுத்தும்படி நான் சொல்லவில்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளாக அம்மக்கள் காத்திருப்பது போர்வைக்காகவா? இந்நாட்டின் சட்டம் தங்களை யார் என்று சொல்கிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்பதை அங்குள்ள பெரியவர்களோடு உட்கார்ந்து கற்பிக்க எத்தனை சபைகள் முன்வந்திருக்கின்றன?

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் கடல் கடந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக, தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் இன்னும் முகாம்களில் வாழ்கிறார்கள். நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அவற்றை 'மறுவாழ்வு முகாம்கள்' என்று பெயர் மாற்றியது. பெயர் மாறியது நன்று. பெயர்ப்பலகைக்குப் பின்னால் நிற்கும் மனிதனின் சட்ட நிலை அதனால் மாறிவிடவில்லை.

இதைச் சொல்லும்போதெல்லாம் மூன்று மறுமொழிகள் வருகின்றன. மூன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது: "சட்டமே இடம் தராதபோது கற்றுக்கொடுத்து என்ன பயன்?" இது இரக்கத்தின் குரல்போல் ஒலிக்கிறது; உண்மையில் அறியாமையின் குரல். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், மிகச் சில விலக்குகள் தவிர, பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்வி அங்கே இல்லை. 1986-இல் மண்டபத்தில் அகதிப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. அவர் நீதிமன்றம் சென்றார். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, இந்தப் பிரிவையே சுட்டி, அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. 2024 ஏப்ரலில் அவர் மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். யோசித்துப் பாருங்கள்: பிறந்த நாள்முதல் குடிமகளாயிருந்தவர், முப்பத்தாறு வயதுவரை அகதியாகவே எண்ணப்பட்டார். புதிய சட்டம் எதுவும் அவருக்காக இயற்றப்படவில்லை. இருந்த சட்டத்தை ஒருவர் எடுத்து வாசித்ததே அவர் வாழ்வை மாற்றியது.

எல்லாருக்கும் கதவு இப்படித் திறக்காது என்பதும் உண்மை. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு, ஒருவர் இந்தியராயிருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறைக்குள் வரக் கூடாது. உயிர் தப்பிப் படகேறியவர்களில் பலரிடம் கடவுச்சீட்டு ஏது? 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் இலங்கையைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு ஆவணமின்மைக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்களித்தது. தண்டனை விலக்கு வேறு, குடியுரிமை வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். பொய்யான நம்பிக்கை விலைக்கு விற்கப்படுகிறது.

இரண்டாவது மறுமொழி பக்தியின் உடை அணிந்து வருகிறது: "நம்முடைய குடியிருப்பு பரலோகத்திலிருக்கிறது, பூமிக்குரிய குடியுரிமைக்கு ஏன் இத்தனை பாடு?" பிலிப்பியர் 3:20-ஐத்தான் நினைக்கிறீர்கள். அதை எழுதியவர் யார், எந்த ஊராருக்கு எழுதினார் என்று கவனித்தீர்களா? அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அதே பிலிப்பி பட்டணத்தில் பவுலும் சீலாவும் விசாரணையின்றி அடிக்கப்பட்டு, மறுநாள் இரகசியமாய் விடுவிக்கப்பட இருந்தபோது, பவுல் போக மறுத்தார். தாங்கள் ரோமர் என்பதை எடுத்துச் சொல்லி, அதிகாரிகளே நேரில் வர வேண்டுமென்றார். வந்தார்கள். அப்போஸ்தலர் 22-இல் எருசலேமில் வாரால் அடிக்கக் கட்டப்பட்டபோதும், நூற்றுக்கு அதிபதியிடம் சட்டத்தையே கேள்வியாக வைத்தார். அடிக்க வந்தவர்கள் விலகிப்போனார்கள். பரலோகக் குடியுரிமையைப் போதித்தவர் பூமிக்குரிய குடியுரிமையின் வரம்பையும் வலிமையையும் அறிந்திருந்தார். தமக்குத் தெரிந்திருந்ததை அவர் பயன்படுத்தினார். வாக்காளர் அட்டையைப் பணப்பையில் வைத்துக்கொண்டு, அட்டையில்லாதவனிடம் பரலோகத்தைச் சுட்டிக்காட்டுவது எளிது, பிரியமானவர்களே. அது அப்போஸ்தலரின் வழி அல்ல.

மூன்றாவது: "சபைக்கு எதற்கு அரசியல்?" பிறப்புச் சான்றிதழை எப்படிப் பெறுவது, அதில் பிழையிருந்தால் எங்கே திருத்துவது என்று சொல்லித்தருவது எந்தக் கட்சியின் அரசியல்? அரசியலமைப்பின் 14, 21, 25 ஆகிய பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டுமல்ல, இம்மண்ணில் உள்ள எல்லா மனிதருக்கும் உரியவை. 16, 19 ஆகியவை குடிமக்களுக்கே உரியவை. முகாமில் வாழும் தாய் ஒருத்தி இதை அறிந்தால் யாருக்கு நஷ்டம்?

மற்ற நாடுகளைப் பாருங்கள். அதே போருக்குத் தப்பி, அதே குடும்பத்தில் பிறந்த அண்ணன் கனடாவுக்குப் போனார், தங்கை தமிழகத்துக்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அண்ணனுக்கு அந்த அரசே இலவசக் கையேடு கொடுத்தது. 20 கேள்விகளில் 15-க்குச் சரியாக விடையளித்து, உறுதிமொழி எடுத்து அவர் குடிமகனானார். ஜெர்மனிக்குப் போயிருந்தால் 33 கேள்விகளில் 17. அங்கே குடிமையியல் வயது வந்தோருக்கான பாடம். இங்கே அப்படித் தேர்வும் இல்லை, பாடமும் இல்லை. விண்ணப்பித்துக் குடியுரிமை பெற விரும்புவோர் எட்டாம் அட்டவணையிலுள்ள ஒரு மொழியை அறிந்திருக்க வேண்டும் என்கிறது நம் சட்டம். தமிழ் அந்த அட்டவணையில் உண்டு. தங்கையின் நாவில் தகுதி இருக்கிறது. கையில்தான் காகிதம் இல்லை.

வேங்கிக்காலில் வாழும் நமக்குச் சாக்குப்போக்கு இன்னும் குறைவு. குடியுரிமை விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் வழியாகவே மேலே செல்கிறது. அந்த அலுவலகம் இருப்பது நம் ஊரில். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நம் நடுவே இருக்கிறீர்கள். வருவாய்த் துறையில் கோப்புகளைக் கையாண்டவர்கள் இருக்கிறீர்கள். வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாலைகளைக் கேட்கிறேன். முறைப்படி அனுமதி பெற்று முகாமுக்குப் போவோம். முதலில் ஒவ்வொரு குடும்பத்தின் ஆவணங்களையும் வரிசைப்படுத்தக் கற்பிப்போம்: யார் எங்கே, எந்த நாளில் பிறந்தார்? பெற்றோர் 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் வரும் மலையகத் தமிழரா? பிறகு சட்டம், பிறகு அரசியலமைப்பு. இயலாததை இயலும் என்று சொல்ல வேண்டாம். இந்த வகுப்பை மனமாற்றத்திற்கு வலையாகவும் ஆக்க வேண்டாம்; கோவிலுக்குப் போகிறவரும் நம் மாணவரே.

அந்நியனைச் சுதேசியைப்போல எண்ணும்படி லேவியராகமம் 19:34 கட்டளையிடுகிறது. சுதேசிக்குத் தெரிந்த சட்டத்தை அந்நியனுக்கும் தெரிவிப்பது அந்தக் கட்டளையின் மிகச் சிறிய பகுதி. வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் பெயர் கொடுங்கள். போர்வைகளை டிசம்பரில் கொண்டுபோகலாம். பாடத்தை இந்த மாதமே தொடங்கலாம்.

கர்த்தர் நம் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.