வாங்கும் முன் மவுஸைக் கழற்றி வையுங்கள்

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் வலைத்தளத்துக்கு இரண்டு ப்ளக்-இன் வாங்கப் போகிறார்கள். கணித்தமிழில் இதைச் செருகுநிரல் என்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் தளத்தில் கூடுதலாகப் பொருத்திக்கொள்ளும் சின்ன மென்பொருள், அவ்வளவுதான். ஒன்று, கண் பரிசோதனை முகாமுக்கு நேரம் பதிவு செய்யும் படிவம். மற்றது, தளத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக ஆக்கிவிடும் என்று விளம்பரம் செய்கிற ஒரு பொத்தான். விலையைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். பார்வை மங்கிய ஒருவர் அந்தப் படிவத்தை நிரப்ப முடியுமா என்ற பேச்சு இன்னும் வரவில்லை. கண் முகாமுக்கு வருகிறவர்கள் கண் நன்றாகத் தெரிகிறவர்களா என்ன?

சோதித்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. காரணம் எளிது. ப்ளக்-இன்னின் உள்ளே இருப்பது நம் சரக்கு அல்ல, விற்றவருடையது. நம் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி அதில் ஏதாவது ஒட்டுப் போட்டாலும், அடுத்த அப்டேட் வந்ததும் அது அழிந்துபோகும். விற்றவரைக் கேட்டால் அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்பார். நட்சத்திர மதிப்பெண்ணை நம்பலாமே என்று கேட்பீர்கள். அந்த நட்சத்திரங்களைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கண்ணும் கையும் நன்றாக இருப்பவர்கள். வேர்ட்பிரஸில் தளத்தின் தோற்றத்துக்கான தீம்களுக்கு ‘அணுகலுக்குத் தயார்’ என்று ஓர் அடையாளம் உண்டு. ப்ளக்-இன்களுக்கு அதுகூடக் கிடையாது.

சோதிக்க நிபுணர் வேண்டாம். விற்பவரின் தளத்தில் டெமோ பக்கம் இருக்கும். அதைத் திறந்துவிட்டு மவுஸைக் கழற்றி வையுங்கள். டேப் விசையை மட்டும் தட்டித் தட்டிப் போங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் நாம் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று சுற்றிலும் ஒரு கோடு தெரிய வேண்டும். அழகு கெடுகிறது என்று பல வடிவமைப்பாளர்கள் அந்தக் கோட்டை எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் இருட்டில் சாவித் துவாரம் தேடுகிற கதைதான். ஒரு பெட்டி திறந்தால் எஸ்கேப் விசையில் மூட வேண்டும். உள்ளே போய் மாட்டிக்கொண்டு வெளியே வரமுடியாமல் போனால் அங்கேயே சோதனை முடிந்தது, அது வேண்டாம். கை நடுங்குகிறவர்களுக்கு மவுஸை ஒரு புள்ளியில் நிறுத்துவது எவ்வளவு பாடு என்று நம் வயதில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதிவுப் படிவங்களில் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது நாட்காட்டி. பிறந்த தேதி கேட்பார்கள். தட்டச்சு செய்ய விடமாட்டார்கள். மாதம் மாதமாகப் பின்னால் போகிற ஓர் அம்புக்குறி மட்டும் இருக்கும். 1951-இல் பிறந்தவர் 2025-இலிருந்து பின்னால் போக 888 முறை அழுத்த வேண்டும்! செய்தவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும், பாவம், அவருக்குத் தோன்றியிருக்காது. தேதியை நேராகத் தட்டச்சு செய்ய முடியாத எந்தப் படிவத்தையும் வாங்கக் கூடாது.

அடுத்து, கண்ட்ரோலையும் கூட்டல் குறியையும் அழுத்தி எழுத்தை 200 சதவீதமாகப் பெரிதாக்குங்கள். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, பொத்தான் காணாமல் போகக் கூடாது. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். வலைத்தளங்களுக்கான உலகத் தரவிதியான டபிள்யூசிஏஜி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வேறுபாடாவது வேண்டும் என்கிறது. அதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் கருவி பிடிப்பது ஒரு பகுதிதான். பொத்தானுக்குப் பெயர் இருக்கிறதா என்று அது சொல்லும், அந்தப் பெயர் சரியா என்று சொல்லாது.

அதற்குக் காதால் கேட்க வேண்டும். விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் தொடங்கி வளர்த்தது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் (அதை அணைப்பது எப்படி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் போன் திண்டாட வைத்துவிடும்). கண்ணை மூடிக்கொண்டு படிவத்தை நிரப்பிப் பாருங்கள். “பட்டன், பட்டன், பட்டன்” என்று மட்டும் ஒலித்தால், அந்தப் படங்களுக்குப் பின்னால் யாரும் பெயர் எழுதவில்லை என்று பொருள். தவறாக நிரப்பினால் கட்டம் சிவப்பாகி நிற்கும். எது தவறு என்று குரல் சொல்லாது. பார்வையற்றவருக்குச் சிவப்பு ஏது?

தமிழ்த் தளங்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பக்கத்தின் மொழி தமிழ் என்று உள்ளே குறித்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாசிப்பான் ஆங்கிலக் குரலில் நம் எழுத்தைக் குதறும், அல்லது பேசாமலே தாண்டிவிடும். ப்ளக்-இன்னின் எல்லாச் சொற்களையும், கண்ணுக்குத் தெரியாமல் வாசிப்பானுக்காக மட்டும் எழுதியவை உட்பட, மொழிபெயர்க்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். பல விற்பனையாளர்களை யாரும் இதைக் கேட்டதே இல்லை.

இரண்டாவது ப்ளக்-இன்னுக்கு வருகிறேன். அந்தப் பொத்தானை ஒட்டினால் தளம் முழுவதும் தானே சரியாகிவிடும் என்கிறார்கள். இதே மாதிரி, செயற்கை நுண்ணறிவால் எந்தத் தளத்தையும் தரவிதிக்கு ஏற்றதாக்கிவிடும் என்று விளம்பரம் செய்த ஆக்ஸசிபீ என்ற நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025 ஜனவரியில் அறிவித்தது. பெயரே எழுதாத பொத்தானுக்கு மேலிருந்து ஒட்டிய இன்னொரு பொத்தான் என்ன பெயர் வைக்கும்? ஊகிக்கும், அவ்வளவே. எழுத்தைப் பெரிதாக்கும் வசதி எல்லா உலாவிகளிலும் சும்மாவே இருக்கிறது. இதற்குக் காசு கொடுப்பதை நான் எதிர்க்கிறேன்.

நம் உறுப்பினர்களில் பார்வையற்றவர் இரண்டு பேர்தானே என்று ஒருவர் கேட்டார். கண்புரை, நடுக்கம், பக்கவாதத்துக்குப் பின் ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர்கள், எல்லோரையும் கூட்டிப் பார்க்கட்டும். இரண்டு பேர் என்றாலும் உரிமை உரிமைதான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இணையச் சேவைகளையும் சேர்த்தே பேசுகிறது. அமில வீச்சில் கண் இழந்தவர்கள், கேமரா முன் இமைத்துக் காட்டச் சொல்லும் கேஒய்சி முறையால் வங்கிக் கதவு அடைபட்டு நின்றார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று சொன்னது.

விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: எந்தப் பதிப்பை, எந்தத் தேதியில், யார் சோதித்தார்கள், டபிள்யூசிஏஜி 2.1-ஆ 2.2-ஆ, டபுள் ஏ நிலைதானா. எதில் இன்னும் குறை இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு “குறையே இல்லை, நூற்றுக்கு நூறு” என்று பதில் வந்தால் நான் அவரிடம் வாங்கமாட்டேன். இன்னின்ன குறை இருக்கிறது, இன்ன மாதத்துக்குள் சரிசெய்வோம் என்று பட்டியல் தருகிறவரை நம்பலாம். பணம் திருப்பித் தரும் காலம் எத்தனை நாள் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு வாங்குங்கள். பார்வையற்ற அந்த இரண்டு உறுப்பினர்களும் அந்த நாட்களுக்குள் உட்கார்ந்து நிரப்பிப் பார்க்கட்டும், அவர்கள் சரி என்ற பிறகு முகாம் அறிவிப்பைப் போடலாம்.