முதுகுவலிக்காரரிடம் யாரும் கேட்காத கேள்வி

முதுகுவலி வந்தால் அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தைலம், அப்புறம் வெந்நீர் ஒத்தடம், அதற்கும் மசியவில்லை என்றால் தெருமுனை டாக்டரிடம் இடுப்பில் ஒரு ஊசி. குமணன்சாவடி ஆனாலும் ஆவடி ஆனாலும் இதுதான். பெரிய தப்பும் இல்லை. பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். எல்லாரும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வகை மட்டும் இந்த வரிசையில் நிற்காது...

தண்டுவடம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வெறும் நரம்புக் கொத்து, குதிரைவால் மாதிரி. டாக்டர்கள் வைத்த பேரும் அதுதான்: காடா ஈக்வினா, லத்தீனில் குதிரை வால். கால், சிறுநீர்ப்பை, மலக்குடல் எல்லாவற்றுக்கும் இது வழியாகத்தான் கட்டளை போகிறது. டிஸ்க் பெரிதாகப் பிதுங்கி இந்தக் கொத்தை நசுக்கினால் இரண்டு காலிலும் வலி இறங்கும், கால் துவளும். சைக்கிள் சீட்டில் படுகிற இடமெல்லாம் மரத்துப்போகும். மூத்திரம் வராது, அல்லது தெரியாமலே சொட்டும். மலத்தை அடக்க முடியாது. எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதுகுவலியோடு இதில் ஒன்று புதிதாக வந்தாலே அவசரம்தான்.

சிக்கல் என்னவென்றால், இதில் பாதியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அந்த இடம் மரத்துப்போச்சு" என்று ஒரு அம்மா மகனிடம் எப்படிச் சொல்வார்? கிளினிக் கூட்டத்தில் டாக்டரும் கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டும், அதில் இரண்டு பேச்சே கிடையாது. வலி குறைந்ததும் ஊசி வேலை செய்துவிட்டது என்று நிம்மதி வேறு. மரத்துப்போனாலும் வலி குறையுமே!

48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் என்று பரவலாகச் சொல்கிறார்கள். வருமான வரிக் கணக்கின் கடைசித் தேதி மாதிரி அதுவரை இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தாமதமானால் ஆயுசுக்கும் மூத்திரக் குழாயோடு இருக்க நேரலாம்.

குமணன்சாவடிக்காரர்களுக்கு வழி நேர்தான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போனால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை, இன்னும் போனால் சென்ட்ரல் எதிரே ஜி.எச். அங்கே டாக்டர் பி.ராமமூர்த்தி 1950-லேயே மூளை, நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிவிட்டார். 108-ஐக் கூப்பிடலாம். நடு ராத்திரியானாலும் எமர்ஜென்சிக்குத்தான் போக வேண்டும். போனதும் "முதுகுவலி" என்று மட்டும் சொன்னால் காலையில் ஓ.பி.க்கு வரச் சொல்லக்கூடும். "மூத்திரம் வரலை, உட்காருற இடம் மரத்துப்போச்சு, எம்.ஆர்.ஐ. வேணுமா பாருங்க" என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். நரம்பு நசுங்கியது சாதா எக்ஸ்ரேயில் தெரியாது.