சிறகின் விலை ஒரு கோடியா?

ஆவடிக்கு முந்திய நிலையம் அண்ணனூர். சென்னையின் மின்சார ரயில்களைப் பழுது பார்க்கும் பணிமனை அமைந்த ஊர். அந்த ரயிலை ஓட்ட வேண்டும் என்று அவ்வூர் இளைஞன் ஒருவன் ஆசைப்பட்டால், அவனுக்கு வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறி, ஐ.டி.ஐ. சான்றிதழோ டிப்ளமாவோ பெற்று, ரயில்வே தேர்வு வாரியத்தின் பரீட்சையில் வெற்றி பெற வேண்டும். பெற்றால், பயிற்சிச் செலவு ரயில்வேயைச் சேர்ந்தது. பயிற்சிக் காலத்திலேயே உதவித் தொகை உண்டு. உதவி ஓட்டுநராக அமர்ந்ததும் அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். இட ஒதுக்கீடும் உண்டு. மூட்டை தூக்குபவரின் மகன் ரயிலை ஓட்டலாம், ஓட்டுகிறான்!

அதே இளைஞன், மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானத்தை ஓட்ட ஆசைப்பட்டால்? அறிவு இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், பணம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்! 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் பெற அரைக் கோடி ரூபாய்க்குக் குறையாது. உரிமம் வந்தால் வேலை வருமா? வராது! இன்ன ரக விமானத்தை ஓட்டத் தகுதியுள்ளவன் என்ற தனிச் சான்று வேண்டும். அதற்கும் இலட்சங்கள், அதுவும் பெரும்பாலும் விண்ணப்பிப்பவனின் பையிலிருந்து. விமானக் கம்பெனிகள் பெயரால் நடக்கும் 'கேடட்' திட்டங்களில் சேர்ந்தால், மொத்தச் செலவு ஒரு கோடியை எட்டுகிறது, தாண்டவும் செய்கிறது.

இது இயற்கையின் நியதியா? இல்லை. இடையிலே வந்த ஏற்பாடு. வரலாற்றைப் புரட்டினால் உண்மை விளங்கும்.

1932 அக்டோபர் 15-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து சென்னை வரை நெவில் வின்சென்ட் ஓட்டினார். அன்று வானம் சீமான்களின் விளையாட்டுத் திடல். 1953-ல் விமானக் கம்பெனிகள் நாட்டுடைமையாயின. 1955 ஜனவரியில், அண்ணனூருக்கு அடுத்த ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. ஏட்டளவில் நின்றது எத்தனை என்பது வேறு கதை. ஆனால் விமானத் துறையில் ஒரு மாறுதல் வந்தது. பறக்கும் கிளப்புகளுக்குச் சர்க்கார் மானியம் கிடைத்தது. இந்தியன் ஏர்லைன்ஸ் தான் தேர்ந்தெடுத்த இளைஞர்களை ஐதராபாத்திலிருந்த தன் பயிற்சிக் கூடத்தில் பழக்கியது. பொதுத் துறை என்பதால் பின்னர் இட ஒதுக்கீடும் நுழைந்தது. அன்றும் ஏழை எளிதில் ஏறிவிடவில்லை. கிளப்புக் கட்டணம் அன்றும் சுமைதான். ஆயினும் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

1994-ல் நாட்டுடைமைச் சட்டம் நீக்கப்பட்டது. தனியார் வந்தனர். 2003-க்குப் பிறகு மலிவுக் கட்டணக் கம்பெனிகள் மளமளவென்று முளைத்தன. விமானி கிடைக்கவில்லை என்று வெளிநாட்டாரை அழைத்து வந்தனர். அந்தப் பளபளப்பைக் கண்டு, வீட்டை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் பிள்ளைகளைப் பறக்க அனுப்பிய பெற்றோர் பலர். 2008-ல் பொருளாதாரம் சரிந்தது. உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கில் காத்துக் கிடந்தனர் பிள்ளைகள். 2012-ல் கிங்பிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம் கோ பர்ஸ்ட் நின்றது. விமானங்கள் நின்றன, வட்டி மட்டும் நிற்கவில்லை!

2022 ஜனவரி 27-ல் ஏர் இந்தியாவும் டாட்டாவிடம் போயிற்று. ஒருக்களித்திருந்த கதவும் சாத்தப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி, சீமான் வீட்டு வாசலுக்கே திரும்பியிருக்கிறது.

"சம்பளம் இலட்சக் கணக்கில் வருகிறதே" என்பார்கள். வருகிறது, மறுக்கவில்லை. யாருக்கு, எப்போது என்பதுதான் கேள்வி. 2023 ஏப்ரலில் ஏர் இந்தியா வகுத்த ஊதியத் திட்டத்தில் மூத்த கேப்டனுக்கு மாதம் எட்டரை இலட்சம்; பயிற்சி விமானிக்கு 50,000. ஒரு கோடி கடன், நூற்றுக்குப் பத்து வட்டி என்று கணக்குப் போடுங்கள். வட்டி மட்டும் மாதம் 83,000 ரூபாய்க்கு மேல்! வாங்குகிற உதவித் தொகை வட்டிக்கே போதாது.

கடனோடு பறப்பவன், களைத்தாலும் களைப்பென்று சொல்ல அஞ்சுவான். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பபலோ நகரருகே கோல்கன் விமானம் விழுந்து 50 பேர் மாண்டனர். துணை விமானியான இளம்பெண், குறைந்த ஊதியக்காரர். பணிக்கு வருவதற்காக நாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர். அதன் பிறகே அங்கே விதிகள் இறுகின. விமானிகள் பற்றாக்குறை வந்ததும், 2022-ல் அமெரிக்கன் ஏர்லைன்சின் கிளைக் கம்பெனிகள் புதுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் கொடுக்க முன்வந்தன. கொடுக்க முடியாது என்றவர்களுக்குக் கொடுக்க முடிந்தது!

இங்கே? 2023-ல் மட்டும் 1,622 உரிமங்கள் வழங்கப்பட்டன. ஆயினும் 2025 டிசம்பரில், வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய விதியோடு வந்த புதிய பணிநேரக் கட்டுப்பாடுகளுக்கு ஈடுகொடுக்க ஆளில்லாமல், இண்டிகோவின் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. விதிக்கே விலக்கு அளித்தனர் அதிகாரிகள். ஒரு பக்கம் ஆள் பஞ்சம். மறு பக்கம் உரிமம் பெற்றும் வேலையற்றோர் கூட்டம். பயிற்சிச் செலவை ஏற்க மறுக்கும் முதலாளித்துவக் கஞ்சத்தனத்தின் விளைவு இது!

"பயிற்சி கொடுத்தால் வேறு கம்பெனிக்கு ஓடிவிடுவானே" என்பது அவர்கள் வாதம். இத்தனை ஆண்டு உழைப்பேன் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள், யார் தடுத்தது? "சோற்றுக்கே வழியில்லாதவனுக்கு ஆகாய விமானம் எதற்கு" என்று கேட்கும் மேதாவிகளும் உண்டு. படிப்பு எதற்கு, பதவி எதற்கு என்று ஒரு காலத்தில் கேட்ட அதே குரல்தான் இது. உடை மட்டும் புதிது.

நாம் கேட்பது சலுகை அல்ல, நியாயம். ரகச் சான்றுக்கான பயிற்சிச் செலவை வேலை தரும் கம்பெனியே ஏற்கட்டும். உரிமப் படிப்புக்கு ஏழைப் பிள்ளைகளுக்கு முழு உதவித் தொகையை அரசு தரட்டும். ஏர் இந்தியாவோடு விற்கப்பட்ட இட ஒதுக்கீடு, தனியார் விமானத் துறைக்குள்ளும் வரட்டும்.

விமானம் ஓட்டக் கூரிய கண் வேண்டும்; உறுதியான கை வேண்டும்; பதறாத நெஞ்சம் வேண்டும். இவை மூன்றும் கோடீசுவரர் வீட்டில் மட்டுமே பிறப்பதாக எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை!