நாற்றுக்கு எப்போது பசிக்கும்?

கேள்வி: மழைக்குப் பயந்து, தக்காளி விதைத்த 10 குழித்தட்டுகளைத் திண்ணையில் வைத்திருக்கிறோம். 12 நாளாகிறது. நாற்று வெளிறி, நூல் மாதிரி நீண்டு சாய்கிறது. போன தடவை இப்படி இருந்தபோது யூரியா கரைத்து ஊற்றினோம். நாலே நாளில் பாதி நாற்று அழுகிவிட்டது. இது நகையை அடகு வைத்து வாங்கிய வீரிய ஒட்டு விதை. இப்போது என்ன உரம் கொடுக்கலாம்?
– வாசகி ஒருவர், வேங்கிக்கால்

பதில்: இன்றைக்கு எந்த உரமும் வேண்டாம் அம்மா. உங்கள் நாற்றுக்குக் குறைவது வெளிச்சம். தட்டுகளை வெளியே எடுத்து, மழை படாதபடி மேலே பாலித்தீன் தாள் கட்டி, பக்கவாட்டில் காற்றோட்டமாக விடுங்கள். தென்னைநார் மேலே காய்ந்த பிறகு மட்டும், காலை வேளையில் தண்ணீர் தெளியுங்கள்.

முளைத்த சில நாட்களுக்கு விதைக்குள் இருக்கும் உணவே நாற்றுக்குப் போதும். உண்மையான இலைகள் விட்ட பிறகுதான் வெளியிலிருந்து உணவு தேவை. சின்னக் குழிக்குள் யூரியா கூடினால் பிஞ்சு வேர் கருகும், தண்டு மென்மையாகும். ஈரமும் சேர்ந்தால் நாற்றழுகல் பூஞ்சைக்கு வழி திறந்ததுபோல் ஆகும்.

இனி செய்ய வேண்டியது:

15-ம் நாள்: 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து, வடிகட்டித் தெளிக்கவும்.

18-ம் நாள்: நீரில் கரையும் 19:19:19 உரம், லிட்டருக்கு 5 கிராம் கலந்து, வேர் நனையும்படி ஊற்றவும். இதில் தழை, மணி, சாம்பல் மூன்றும் சம அளவில் இருக்கின்றன. வேகமாக வளரட்டும் என்று அளவைக் கூட்டாதீர்கள்.

நடவுக்கு 4 நாள் முன்பு: தண்ணீரைக் குறைத்து, நேர் வெயிலில் வைத்துப் பழக்கவும்.

எங்காவது தண்டின் அடி கறுத்துச் சாய்ந்தால், அந்த நாற்றை அகற்றிவிட்டு, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து ஊற்றவும். போன தடவை அழுகிய தட்டின் தென்னைநாரை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

அடுத்த முறை விதைக்கும் முன்பே அடியுரம் கலந்துவிடுங்கள். 10 தட்டுக்குச் சுமார் 12 கிலோ மட்கிய தென்னைநார்க் கழிவு பிடிக்கும். அதோடு வேப்பம்புண்ணாக்கு 200 கிராம், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா தலா 40 கிராம் போதும். உயிர் உரங்களை உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுப் பாருங்கள். பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

நீண்டுபோன நாற்று வீண் என்று எறிந்துவிட வேண்டாம். தக்காளித் தண்டு மண்ணுக்குள் போன இடத்திலும் வேர் விடும். அழுகல் இல்லாத நாற்றாகப் பார்த்து, 25 நாளுக்கு மேல், வித்திலை இருந்த இடம் வரை ஆழமாக நட்டுவிடுங்கள். கத்தரி, மிளகாய்க்கு இப்படி ஆழ நடுவதை நம்ப வேண்டாம். அவற்றைத் தொடக்கத்திலிருந்தே வெளிச்சத்தில் வளர்ப்பதுதான் வழி.