ஏழாம் மாசத்து ஊசி

“ஏனுங்கம்மா, மருமகளுக்கு இப்பத்தான் ஏழாம் மாசம். இடுப்பு வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, ஸ்டீராய்டு ஊசி போடோணுங்கறாங்க. அது வவுத்துல இருக்கற புள்ளைக்கு ஆகாதுங்களாமா?”

பொள்ளாச்சிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. இதே பயம் உங்களில் பலருக்கும் இருக்கும். அதனால் இந்த இதழில் இதைப் பற்றியே பேசுவோம்.

ஸ்டீராய்டு என்பது ஒரு மருந்தின் பெயர் அல்ல. ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி நம் எல்லோருக்குள்ளும் கார்டிசால் என்ற ஸ்டீராய்டைச் சுரக்கிறது. கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனும் இந்தக் குடும்பம்தான். வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் கடைசி வாரங்களில் கார்டிசால் கூடும். வெளி உலகத்துக்கு அதைத் தயார் செய்வது அதுதான்.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. நுரையீரல் சரியாக விரியாது. மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளை ஒட்டிய ரத்தக் குழாய்களோ நூலைவிட மெல்லியவை. சுடாத மண்சட்டியில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? அப்படித்தான், மூச்சுத் திணறி ரத்த அழுத்தம் ஏறி இறங்கினால் அவை கசிந்துவிடும். கசியும் ரத்தம் மூளை அணுக்களைக் கெடுக்கும். பின்னால் நடையிலும் பேச்சிலும் அதன் குறை தெரியலாம்.

தாய்க்குப் போடும் ஊசி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், நுரையீரலைப் பக்குவப்படுத்துகிறது. அந்த மெல்லிய குழாய்களுக்கும் உறுதி தருகிறது. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில், மூளை ரத்தக் கசிவு பத்தில் நாலு பங்கு குறைந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க உதவியது செம்மறி ஆடு! நியூசிலாந்தில் டாக்டர் லிக்கின்ஸ், ஆட்டுக்குப் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்தார். ஸ்டீராய்டு பெற்ற குறைமாதக் குட்டி ஒன்று, பிழைக்காது என்று நினைத்தபோது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவரும் டாக்டர் ஹோவியும் தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1972இல் முடிவை வெளியிட்டார்கள். 2020இல் இந்தியா உள்பட 5 நாடுகளில் 2,852 தாய்மார்களிடம் நடந்த ஆராய்ச்சியில், ஏறக்குறைய 25 தாய்மார்களுக்கு ஊசி போட்டால் ஒரு குழந்தை கூடுதலாகப் பிழைக்கிறது என்று தெரிந்தது.

அப்படியானால் மூளையைக் காக்க எப்போதும் ஸ்டீராய்டு நல்லதா? இல்லை. தலையில் அடிபட்ட பெரியவர்கள் 10,008 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2004இல் வந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் நூற்றுக்கு 21 பேரும், பெறாதவர்களில் 18 பேரும் இரண்டு வாரத்துக்குள் இறந்தார்கள். எலிகளின் மூளையைக் காத்த புரோஜெஸ்டிரோனும் 2014இல் வெளியான இரண்டு பெரிய ஆராய்ச்சிகளில் மனிதர்களுக்குக் கைகொடுக்கவில்லை. எது, யாருக்கு, எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் ஸ்டீராய்டை நாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

நம் நாட்டில் 2014 முதல் மத்திய அரசின் வழிமுறை இதுதான்: 24லிருந்து 34 வாரத்துக்குள் பிரசவமாகும் போலிருந்தால், டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணிக்கொரு தடவை, மொத்தம் 4 ஊசி. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் கிராம சுகாதார நர்சே முதல் ஊசியைப் போடலாம். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரவேண்டிய பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! ஊசி முழுப் பலன் தர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அதனால் “விடியட்டும், பார்த்துக்கலாம்” என்று இருக்காதீர்கள்.

மாதம் நிறையுமுன் விட்டுவிட்டு இடுப்பு வலி, நீர்க் கசிவு, ரத்தப்போக்கு — எது தெரிந்தாலும் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்; ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். காய்ச்சல் இருந்தாலும் மறைக்காதீர்கள்.

மாமியார்மார்களே, டாக்டர் அந்த ஊசியைச் சொன்னால் தடுக்காதீர்கள். பேரக்குழந்தையின் மூளைக்குக் காவலாகத்தான் அதைப் போடுகிறார்கள்.